நாலு அங்குலமும் தொள்ளாயிரம் முட்டையும்

பிக்கப் வண்டியை நாலு அங்குலம் தூக்கிக் கட்டிய நாளிலிருந்து அந்த வீட்டில் மூன்று வேளையும் ஆம்லெட்.

மனைவி கோழி வளர்த்தாள். தினமும் காலையில் முப்பது ட்ரே முட்டை கடைகளுக்குப் போகும். ஓட்டுபவர் கணவர். முட்டையை இறக்கிவிட்டுக் குடிநீர் அலுவலகத்துக்குப் போய் நாள் முழுக்க மனு வாங்கிப் போடுவார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மலையேறும் வண்டிகளைப் போனில் பார்த்துப் பார்த்து, ஆசை தலைக்கேறி வண்டியை உயர்த்திவிட்டார். வண்டி வளர்ந்தது. ஷாக் அப்சார்பர் மட்டும் பழசு. வளர்ந்த பிள்ளைக்குப் போன வருஷத்துச் சட்டை மாதிரி அது இழுத்துப் பிடித்துக்கொண்டு, பள்ளத்துக்குப் பள்ளம் ‘டங்’ என்று அலறும். பின்னாலிருந்து முட்டைகள் பதில் சொல்லும்.

“இன்னைக்கு எத்தனை?” என்றாள் மனைவி.

“ஒண்ணு ரெண்டு இருக்கும்.”

“ட்ரேவுக்கா?”

அவர் விட்டத்தைப் பார்த்தார்.

“ஏங்க, நல்லாக் கேட்டுக்கோங்க. சனிக்கிழமை நானும் கூட வர்றேன். ஒரே ஒரு முட்டை உடைஞ்சாலும் வண்டி பழைய உயரத்துக்கு இறங்கிடணும்.”

“ஷாக்கை மாத்தினா எல்லாம் சரியாயிடும்!”

“அப்ப மாத்துங்க. அப்படியே கோழிக்கூண்டுக் கதவுக்கும் பெயிண்ட் அடிங்க. டப்பா வாங்கி மூணு மாசமாச்சு. கோழியோட சேர்ந்து அதுவும் அடைகாக்குது.”

“ஞாயித்துக்கிழமை பாக்கலாம்.”

“எந்த ஞாயித்துக்கிழமைன்னும் சொல்லிடுங்க.”

அவர் ஒர்க்‌ஷாப்புக்கு நழுவினார்.

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, “பின்னாடி எவ்வளவு பாரம் ஏத்துவீங்க சார்?” என்று கேட்டார்.

முட்டை என்று சொல்ல வாய் திறந்ததுதான். பக்கத்தில் கழுத்துவரை சேறு பூசிய வண்டியோடு முறுக்குமீசைக்காரர் ஒருவர் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அரை டன்.”

“எந்த மாதிரி ரோடு?”

“பாறை. அப்புறம்... ஆறு.”

“ஆத்துல எதுக்கு சார் போறீங்க?”

“குறுக்கு வழி.”

மெக்கானிக் இரண்டு ஷாக்கை எடுத்து வைத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல். “ரெண்டும் உங்க வண்டி உயரத்துக்குச் சரியா இருக்கும். சிவப்பு கெட்டி. பாரத்தோட பாறையில போனாலும் அசையாது. ஆனா பாரம் இல்லைன்னா குதிரை மாதிரி தூக்கிப் போடும். சாம்பல் மெத்துனு இருக்கும். வீட்டு உபயோகம்.”

வீட்டு உபயோகம்! மீசைக்காரர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

“சிவப்பே போடுங்க. வெள்ளிக்கிழமை வண்டியை விடறேன்.”

சொல்லிவிட்டு வந்தாரே தவிர, மறுநாள் அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. மனு கொடுக்க வந்தவரின் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். தொள்ளாயிரம் முட்டை, ஐம்பது கிலோ. அரை டன்னுக்கு இன்னும் எட்டாயிரம் முட்டை வேண்டும். கோழிகளிடம் யார் பேசுவது? மெக்கானிக்கிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தார். மீசை ஞாபகம் வந்தது. வைத்தார்.

“எந்த ஷாக் சொல்லியிருக்கீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“அதெல்லாம் உனக்குப் புரியாது.”

“சரிங்க.”

சண்டை போட்டிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். இந்தச் ‘சரிங்க’வைக் கேட்டதும் ஆம்லெட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை அவர் அலுவலகத்தில் மாட்டிக்கொள்ள, மனைவிதான் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவந்தாள். சக்கரங்களுக்கு உள்ளே நாலு ஷாக்கும் செக்கச்செவேல் என்று மின்னின. கோழிக்கூண்டுக் கதவும் மின்னியது. கோபத்தில் தானே அடித்துவிட்டாள் போலிருக்கிறது, ஒரு வேலை தப்பியது என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை. முட்டை பின்னால், மனைவி பக்கத்தில், அவர் உயிர் எங்கேயோ. பள்ளிக்கூடத்து வேகத்தடை ஒட்டகம்போல் படுத்திருந்தது. ஸ்டீரிங்கை இறுக்கினார். மூச்சை அடக்கினார். போச்சு, நாலு அங்குலமும் போச்சு என்று மனசுக்குள் அழுதார்.

வண்டி ஏறியது. மெத்தையிலிருந்து பூனை இறங்குவதுபோல இறங்கியது.

மனைவி ட்ரே ட்ரேயாகப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

அவ்வளவுதான், அவருக்குக் குரல் வந்துவிட்டது. “பாறைக்குன்னே செஞ்சது! தேர்ந்தெடுக்கறதுக்கும் ஒரு அனுபவம் வேணும்.”

“ஆமாங்க.”

வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டுத் தையல்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். “இந்த முரட்டு ஷாக்கைப் பாருங்க. ஆறு, பாறை எதுக்கும் அஞ்சாது!” என்று அடியில் புகுந்து ஒன்றைத் தட்டிக் கொடுத்தார்.

கை ஒட்டிக்கொண்டது.

பிய்த்து எடுத்தார். உள்ளங்கை சிவப்பு. தட்டிய இடம் சாம்பல்.

“என்ன சார், உங்க கையும் கூண்டுக் கதவும் ஒரே கலரா இருக்கு?” என்றார் தையல்காரர். துணிக்குத் துணி நிறம் பார்த்துப் பழகிய கண்.

மனைவி வாசலுக்கு வந்தாள். “மெக்கானிக் அண்ணன் எங்கிட்டயும் அதே கேள்வியைத்தான் கேட்டார். முட்டை, தார் ரோடு, ஒரு வேகத்தடைன்னு உள்ளதைச் சொன்னேன். நீங்க கேட்ட சிவப்பை ஓரமா வச்சிட்டு, சாம்பலைப் போட்டார். உங்களுக்குச் சிவப்புன்னா ஆசையாச்சேன்னு நானே டப்பாவை எடுத்துட்டுப் போய் ரெண்டு கோட்டு அடிச்சேன்.”

அவர் வண்டிக்கு அடியிலேயே இருந்துவிட்டார். அங்கே நிறைய இடம் இருந்தது, நாலு அங்குலம் அதிகமாகவே.

மனைவி குனிந்து பிரஷ்ஷை நீட்டினாள். “கதவுக்குத்தான் ஒரு கோட்டு பாக்கி. நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க.”