ப்ளம்முக்காக நான் வாங்கிய டார்ச்

ப்ளம் காட்டுக்குப் போகக்கூடாது என்று தீர்மானித்துவிட்டேன். தீர்மானித்தது நான். எங்கள் வீட்டில் தீர்மானிக்கிறவள் என் மனைவி லொரேன். சிக்கலே அதுதான்.

ப்ளம் ஒரு வோம்பாட். வளை தோண்டிப் புல் மேயும் குட்டைக்கால் பிராணி. இங்கே டாஸ்மேனியாவில் சாலையோரம் விலங்கு அடிபட்டுக் கிடந்தால் வண்டியை நிறுத்துவோம். வயிற்றுப் பையில் குட்டி இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்ப்போம். அப்படி நான் எடுத்தவள்தான் ப்ளம். அன்று உள்ளங்கையில் அடங்கினாள். இன்று மடியில் உட்கார்ந்தால் என் கால் மரத்துப்போகிறது.

மடி விஷயம் லொரேனுக்குத் தெரியாது. அனாதைக் குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடுகிறவள் அவள். விடுவதற்குப் பல வாரம் முன்பே தொடுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது அவள் சட்டம். மனிதர்களோடு பழகிய வோம்பாட் நாயைக் கண்டு ஓடாது, லாரியைக் கண்டு ஒதுங்காது. "தொடவே மாட்டேன்" என்று சத்தியம் செய்திருந்தேன். ப்ளம் இருந்த கொட்டகைக்குத் தினமும் போனது மரம் அறுக்கும் ரம்பத்தைப் பழுதுபார்க்க. அந்த ரம்பத்தில் பழுதே கிடையாது.

புற ஊதா வெளிச்சத்தில் நம் ஊர் விலங்குகள் ஒளிர்கின்றன என்று பப்பில் யாரோ சொன்னார்கள். எனக்குப் பொறி தட்டியது. புற ஊதா டார்ச் ஒன்று வாங்கினேன். லொரேனைக் கொட்டகைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன்.

வைக்கோலில் தூங்கிய ப்ளம்மின் முதுகு நீலப்பச்சையாக ஒளிர்ந்தது. நான் தினமும் தடவிய முதுகு அது.

"பாத்தியா? உடம்பெல்லாம் விளக்கு! வெளிய விட்டா நாய் நேரா வந்து கவ்விடும்."

"நாய் டார்ச் எடுத்துட்டு வருமா, டெஸ்?"

"நிலா இருக்கே!"

"நிலாவுல இப்படித் தெரியாது. முடியில ஏதோ ஒண்ணு இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாத கதிர வாங்கி, தெரியுற வெளிச்சமாத் திருப்பித் தருது. வாத்து மூக்கு பிளாட்டிபஸ்கூட ஒளிரும். உன் பல்லும்தான்."

"எதுக்காம்?"

"யாருக்கும் சரியாத் தெரியல. எதுக்குமே இல்லாமலும் இருக்கலாம்."

எதற்குமே இல்லாமல் இத்தனை அழகா?

"டார்ச்சக் குடு" என்றாள். கொடுத்தேன். அங்கேதான் தொலைந்தேன். வெளிச்சத்தை என் பக்கம் திருப்பினாள்.

என் கறுப்பு ஸ்வெட்டரில் முடி முடியாக ஒளிர்ந்தது. மார்பில் கொஞ்சம். கைகளில் நிறைய. மடியில் கேட்கவே வேண்டாம்.

"இது என்ன?"

"சலவைத்தூள். அதுவும் ஒளிருமாம்."

"இந்த ஸ்வெட்டர் தண்ணியப் பாத்தே ஒரு வருஷம் ஆச்சு."

"காத்துல பறந்து வந்து..."

"வரிசையா மடியில உக்காந்துச்சாக்கும்?"

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெல்லத்தான் சொன்னாள். "நீ கொஞ்சுனா அவளும் ரோட்டோரமாத்தான் கிடப்பா, டெஸ். அவ அம்மா மாதிரி. அப்ப எவனோ வண்டிய நிறுத்தி அவ பையில கைவிட்டுப் பாப்பான்."

நான் அழுதேன். மறைக்கவில்லை.

கொட்டகைச் சாவி அன்றிலிருந்து லொரேன் கழுத்தில் தொங்கியது. உள்ளே போனது அவள் மட்டும். புல்லும் தண்ணீரும் வைத்துவிட்டு உடனே வெளியே வந்துவிடுவதாகச் சொன்னாள். சில வாரங்களில் ப்ளம் கொட்டகையை ஒட்டிய வேலியோரம் என்னைக் கண்டாலே உறுமினாள். ஒரு நாள் என் பூட்ஸைக் கடித்தே விட்டாள். "தேறிட்டா" என்றாள் லொரேன்.

காட்டோரம் கூண்டைத் திறந்தோம். ப்ளம் மண்ணை மோந்தாள். புதருக்குள் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வழிநெடுக நான் மூக்கைச் சிந்தினேன். லொரேன் கல் மாதிரி வண்டி ஓட்டினாள்.

எனக்கு ஆற்றாமை. அவளும் ப்ளம்மைத் தொட்டிருப்பாள் என்று காட்ட ஒரு முடி போதும், ஒரே ஒரு முடி! வீடு வந்ததும் டார்ச்சோடு, அவள் கொட்டகைக்குப் போட்டுப்போகும் பழுப்புக் கம்பளிச் சட்டையைத் தேடினேன். அலமாரியில் இல்லை. கதவுக்குப் பின்னால் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. கொடியில் அது ஒன்று மட்டும் சொட்டச் சொட்டத் தொங்கியது.

"இந்த மழையில எப்ப துவைச்ச?"

"காலையில. அழுக்கா இருந்துச்சு" என்றாள். கண் மட்டும் சிவந்திருந்தது.

சாட்சியை அலசிப் பிழிந்துவிட்டுத்தான் என்னோடு வண்டியில் ஏறியிருக்கிறாள்.