ஆறு மாதம் செல்லும்

வீட்டில் சத்தத்தைக் குறைத்தே தீருவது என்று புகைமானி முடிவு கட்டினார். வாகனப் புகைச் சோதனை நிலையத்தில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர். தெருவே அவரைப் புகைமானி என்றுதான் கூப்பிடும். அங்கே லாரிக்கே தீர்ப்பு சொல்கிறவர், இங்கே மனைவி குரலை உயர்த்தினால் வெளியே நழுவச் செருப்பைத் தேடுவார்.

"இந்தாம்மா, உன் குரலைச் சோதிக்கப் போறேன். போன்ல சத்தம் அளக்குற ஆப் இருக்கு. அறுபதைத் தாண்டினா பெயில். அப்புறம் நான் ஞாயித்துக்கிழமை கேரம் ஆடப் போனா ஏன்னு கேக்கக் கூடாது."

"தாண்டலைன்னா?"

"சர்டிபிகேட் தருவேன். ஆறு மாசம் செல்லும்."

"எப்போ சோதனை?"

"சனிக்கிழமை பத்து மணி. அஞ்சு நிமிஷம். முன்கூட்டியே சொல்றதுதான் முறை."

முறை தவறாத மனுஷர். தினமும் சாப்பிடும்போது அவரே சொல்லிச் சிரிப்பார்: "சோதனை நேரத்துல மட்டும் லாரிக்காரனுங்க ஆக்ஸிலேட்டரைப் பூ மாதிரி மிதிக்கிறானுங்க. பாஸ்! கேட்டைத் தாண்டினதும் புகையில தெருவே இருட்டு. யாராவது புகார் சொல்ல வந்தா, 'சர்டிபிகேட் கொடுத்தாச்சு, ஆறு மாசம் கழிச்சு வாங்க'ன்னுடுவேன்." மனைவி அதையெல்லாம் பாத்திரம் துலக்கியபடியே கேட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை வந்தது. போனை மேஜையில் வைத்துவிட்டு, ஈரத் துண்டைக் கட்டிலில் வீசினார்.

"அதனால என்னங்க, நான் காயப் போட்டுக்கிறேன்." நாற்பத்திரண்டு.

சேற்றுச் செருப்போடு சோபாவில் காலை நீட்டினார்.

"களைச்சுப் போயிருப்பீங்க." நாற்பது.

புகைமானி போனை அவள் பக்கம் இன்னும் நகர்த்தி வைத்தார். கடைசி ஆயுதத்தை எடுத்தார். "உங்க அண்ணனுக்கு அறிவே கிடையாது."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." முப்பத்தெட்டு.

ஐந்து நிமிடம் முடிந்தது. மனசே இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"முத்திரை?"

முத்திரையும் விழுந்தது. அவள் அதை ஃபிரிட்ஜ் கதவில் நேராக ஒட்டினாள். மூச்சை இழுத்துவிட்டுத் திரும்பினாள்.

"கட்டில்ல ஈரத் துண்டா! சோபாவுல சேறா! எங்க அண்ணனையா சொன்னீங்க!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்வீட்டு நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனது.

புகைமானி துள்ளி எழுந்தார். "தொண்ணூத்தி ஒண்ணு! பெயில்! நாளைக்கு நான் கேரம் ஆடப் போறேன்!"

"சர்டிபிகேட் கொடுத்தாச்சு." அவள் அவர் கையில் ஈரத் துணியைத் திணித்தாள். "சோபாவைத் துடைங்க. புகார் இருந்தா, ஆறு மாசம் கழிச்சு வாங்க."