'செட்'டுக்குத் தலைமை யார்?

ஒரு காட்டில் நடந்ததாம். எந்தக் காடு என்று எனக்குச் சொன்ன நண்பருக்கே தெரியாது; அவரும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லக் கேட்டவர்தான். கூடுதல் குறைவு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காட்டில் ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி தயாரிக்கும் அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு கீரி தற்காலிக வேலை பார்த்தது. அதன் வம்சத்திலேயே வளையைத் தாண்டிக் கல்லூரிக்குப் போனது அது ஒன்றுதான். "வேலை நிரந்தரமாச்சா?" என்று அம்மா கேட்காத நாளில்லை.

மேலதிகாரி நாரை ஒருநாள் கூப்பிட்டது.

"தம்பி, 'செட்'ங்கிற இங்கிலீஷ் சொல்லுக்கு நீ பொருள் எழுது. அகராதிக் குழுவில் மூணு பேரும் கையெழுத்துப் போட்டா வேலை நிரந்தரம். இல்லேன்னா நீ பாம்பு பிடிக்கப் போகலாம்."

கீரிக்குப் பாம்பென்றால் பயம். ஆகவே பழைய நூல்களையெல்லாம் புரட்டி ஒழுங்காக எழுதியது. மிகப் பழைய பொருள் 'உட்கார வைத்தல்'. அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. 'தொகுதி' என்ற பொருள் வந்த வழி வேறு. 'பின்தொடர்வோர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. வெவ்வேறு ஊரிலிருந்து வந்த இருவர் ஒரே பாயில் படுத்து, அண்ணன் தம்பி என்று பெயர் வாங்கிய கதைதான். சூரியன் மறைவது, சிமெண்ட் இறுகுவது, சினிமாவுக்காக அட்டையில் கட்டும் அரண்மனை என்று கீரி எதையும் விடவில்லை. நம் பக்கத்துப் புழக்கமான மைக்செட், பம்புசெட், செட் தோசை மூன்றையும் 'தொகுதி'க் கிளையில் கடைசியாக வைத்தது.

குழு கூடியது. யானை திருவிழாக்களுக்கு மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். எருமை பம்புசெட் விவசாயிகள் சங்கத் தலைவர். கரடிக்குச் சொந்தமாகச் செட் தோசைக் கடை.

"நான் எங்கேப்பா இருக்கேன்?" என்றது யானை.

"கடைசிக் கிளையில் ஐயா."

"எனக்கு மேல யாரு?"

"சிமெண்டுங்க."

எருமை மூக்கைச் சிந்தியது. "ஏன் தம்பி, பம்புசெட் ஓடலேன்னா உன் அகராதிய வெச்சு நாக்கு வழிக்கிறதா?"

"ரெண்டு தோசை, ஒரு கிண்ணம் வடகறி. இதைத் தாண்டி செட்டுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு இன்னிக்குத்தான் கேள்விப்படுறேன்" என்றது கரடி.

கீரி தணிக்கப் பார்த்தது. "நீங்க மூணு பேரும் ஒரே கிளைதாங்க. உறவுக்காரங்க மாதிரி."

அதுதான் வினையானது.

"யாரு, இந்தத் தோசைக்காரனும் நானும் உறவா?" எருமை எழுந்துகொண்டது. "சம்பந்தம் பேச உனக்கு வேற இடம் கிடைக்கலையா?"

கூட்டம் கலைந்தது. ஒரு கையெழுத்தும் விழவில்லை. "நாளைக்கு ஒரு தடவை கூட்டிப் பார்க்கிறேன். அதுக்கப்புறம் என் கையில் இல்லை" என்றது நாரை.

வீட்டுக்குப் போகும் வழியில் ஆலமரத்தில் காட்டுத் திருவிழா நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதிலும் அதே மூவர். தலைமை: யானை. முன்னிலை: எருமை. சிறப்பு விருந்தினர்: கரடி. மூவரும் அதன் கீழே நின்று அவரவர் பெயரைப் படித்து மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். சண்டையே இல்லை. தலைமை பெரிதா, முன்னிலை பெரிதா என்று காட்டில் ஒருவருக்கும் தெரியாது. நோட்டீஸின் சூட்சுமமே அதுதான். கீரி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் புதிய பிரதி வந்தது. ஒரு பொருளையும் கீரி மாற்றவில்லை. அதற்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. பதிவு இப்படி இருந்தது:

தலைமை: மைக்செட்.
முன்னிலை: பம்புசெட்.
சிறப்பு விருந்தினர்: செட் தோசை.
வாழ்த்துரை: சிமெண்ட் மற்றும் பலர்.
நன்றியுரை: உட்கார வைத்தல்.

"இப்பத்தான் அகராதி மாதிரி இருக்கு" என்றது யானை.

"படிச்ச புள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்றது எருமை.

கரடி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீரியின் காதருகே குனிந்தது. "போட்டோ போட இடம் இருக்கா தம்பி?"

கீரியின் வேலை நிரந்தரமானது. அதன்பின் எல்லாச் சொல்லுக்கும் நோட்டீஸ் முறைதான். அந்த அகராதியில் இதுவரை எவரும் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடிக் கண்டுபிடித்ததில்லை. பதிப்புகள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன.

நீதி: உண்மையைத் தாராளமாக எழுதலாம், அதை நன்றியுரையில் வையுங்கள். அதற்குள் எல்லோரும் கிளம்பியிருப்பார்கள்.

ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் 'செட்'தான் என்று நண்பர் அடித்துச் சொன்னார். பிறகு சரிபார்த்தேன். ஆங்கிலத்தின் மிகப் பெரிய அகராதியில் ஒரு காலத்தில் மிக நீளமான பதிவு அதற்குத்தான் இருந்தது. இப்போது 'ரன்' முந்திவிட்டது.