மாரியம்மன் கோயிலில் ஜப்பான் பாட்டு

அன்பு மைத்துனன் வீரமணிக்கு, பென்னாகரத்திலிருந்து மாமா மாதப்பன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். உண்மையில் நானும் உன் அக்காவும் ஒரு பக்கம், மகள் எழிலரசி ஒரு பக்கம். போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால் கடிதம்.

காய்ச்சல் தெளிந்து வந்தவளுக்கு நீ ஒரு கேம் பெட்டி வாங்கிக் கொடுத்தாயே, எல்லாம் அதனால் வந்தது. அதில் ஒரு ஜப்பான் கேம். அந்தக் கேமையே பிறகு அனிமே தொடராக எடுத்தார்களாம், தொடரின் பாட்டுகள் தனியாக வேறு ஓடுகின்றனவாம். ஒரே கதையை விளையாடி, பார்த்து, கேட்டு முடிக்க வேண்டும், அதற்குள் நமக்கு ஆயுசு முடிந்துவிடும். டெங்குவில் பிழைத்து வந்த பிள்ளை என்று விட்டுவிட்டேன். அவள் பிழைத்தால் கிடா வெட்டுவதாக உன் அக்கா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள் அல்லவா, அதற்கென்று வாங்கிய ஆட்டுக்குட்டியையும் இவள்தான் வளர்த்தாள். ஜப்பான் பேர் வைத்தாள். எனக்கு வாயில் நுழையாது, 'டேய்' என்பேன், வந்துவிடும். சாயங்காலம் தழை போடும்போதெல்லாம் போனில் ஒரே பாட்டு. கேமில் ஆட்கள் சண்டையை நிறுத்திவிட்டு நெருப்போரம் உட்காரும்போது வருகிற பாட்டாம், தொடரிலும் ஒவ்வொரு பாகமும் அதில்தான் முடியுமாம். அதைக் கேட்டால் கிடா அசையாமல் நின்று தழைக்குக் காத்திருக்கும்.

போன செவ்வாய் திருவிழா. பெங்களூர் போய் நீ மறந்திருப்பாய், மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடா உடம்பைக் குலுக்கினால்தான் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம், அதற்குமுன் கத்தியை ஓங்கக் கூடாது. பங்காளிகள் சுற்றி நிற்கிறார்கள், பம்பை முழங்குகிறது, பூசாரி தண்ணீர் தெளிக்கிறார், அந்த நேரம் பார்த்து பம்பையை அமுக்கிக்கொண்டு மைக் செட்டில் ஜப்பான் பாட்டு. கிடா கல் மாதிரி நின்றது. குடத்தோடு ஊற்றிப் பார்த்தார்கள், சொட்டச் சொட்ட நின்றுகொண்டு தழை எங்கே என்று என் கையைப் பார்க்கிறது. பங்காளி மாரப்பன், "வூட்டுல ஏதோ குத்தம் இருக்குதுங்க, ஆத்தா வேணாங்கறா" என்றார். பூசாரி கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

எழிலரசியைக் கேட்டால், "நான் போடச் சொல்லலப்பா. ஆனா அந்தப் பாட்டு ஓடற வரைக்கும் யாரும் யாரையும் வெட்ட முடியாது, கேம்ல அதான் ரூல்" என்கிறாள். இவள் சொல்லாமல் வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

மாப்ள, எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். தருமபுரி ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்காமல் கிடந்ததைப் பார்த்தவன் நான். வேண்டுதல் பாக்கி நிற்கையில் அவள் லேசாக இருமினாலும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. வருகிற செவ்வாய் மறுபடி பூசை, மைக் செட் கிடையாது. நீ முந்தின நாளே வந்து அவளையும் கேம் பெட்டியையும் பெங்களூருக்குக் கூட்டிப் போய்விடு. உன் அக்கா பாவம், வாயே திறக்காமல் எனக்குத் துணையாக இருக்கிறாள்.

மாரியம்மன் உன்னையும் உன் பிள்ளைகளையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா மாதப்பன்

பின்குறிப்பு: தம்பி, அக்கா நிர்மலா எழுதறேன். கவரை ஒட்டித் தபால்ல போடச் சொல்லி மாமா குடுத்தாரு, படிச்சிட்டேன். பாட்டு போடச் சொன்னது நாந்தான். காய்ச்சல் விட்டு வந்த பொண்ணு சோத்தையே தொடாம கெடந்தா. அந்தக் குட்டி பக்கத்துல உக்காந்துதான் மொத வாய் களி தின்னா. அதைப் போயி எப்படி வெட்ட விடறது? கிடாவ பொம்மிடிக்கு, நம்ம சித்தி மவ சுகுணா வூட்டுக்கு ஏத்தி அனுப்பிட்டேன். மாமா பயந்துக்கிட்டு பட்டிப் பக்கமே போறதில்ல, இன்னும் தெரியாது. வேண்டிக்கிட்டவ நானு, ஆத்தாகிட்ட நானே பேசிக்கறேன், அவ ஒத்துக்குவா. இவரைத்தான் நீ வந்து சமாளிக்கணும்.