சோபாவுக்கு வைத்த கரி டெஸ்ட்

ஐம்பத்தொரு வயதில் நான் ஒரு வீர முடிவு எடுத்தேன். இனி அந்த ஸ்டூலில் உட்காருவதில்லை.

எந்த ஸ்டூல் என்று கேட்பீர்கள். எங்கள் குவார்ட்டர்ஸின் பின்வாசலில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடக்கிறதே, நாலு காலில் ஒன்று குட்டையாக, அதுதான். இருபத்து மூன்று வருஷமாக ஷிப்ட் முடிந்து வந்தால் எனக்கு அதுதான் சிம்மாசனம். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் செக்‌ஷன் வேலை. எட்டு மணி நேரமும் நிலக்கரிப் பொடி என் மேல் விழுந்துகொண்டே இருக்கும். வீடு திரும்பும்போது பல்லையும் ஐடி கார்டையும் வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கோலத்தில் முன்வாசல் வழியாக வரக் கூடாது. ஹாலில் எதிலும் உட்காரக் கூடாது. குளித்த பிறகுதான் மனுஷன். இது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவள் என் மனைவி அன்புக்கரசி. என் பெயர் செங்குட்டுவன். ராஜா பெயர்தான், ஆனால் ஆட்சி அரசியுடையது.

என் ஆசை ரொம்பச் சின்னது. ஷிப்ட் முடிந்ததும் யூனிபார்மோடு ஹாலில், பேனுக்கு நேர் கீழே, கால் மணி நேரம் சாய்ந்துகொண்டு டீ குடிக்க வேண்டும். ரிட்டயர் ஆவதற்குள் ஒரே ஒரு தடவையாவது குடித்துவிட வேண்டும்.

பழைய சோபாவின் ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்த்த அன்று எனக்கு வழி பிறந்தது. லெதர்! துணி என்றால் கரி ஒட்டும். லெதர் என்றால் ஈரத்துணியால் ஒரே இழுப்பு. கறையே இல்லாத இடத்தில் சட்டத்துக்கு என்ன வேலை?

"அன்பு, இந்தத் தடவ லெதர் சோபா வாங்கலாம்."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "என்னங்க திடீர்னு லெதரு?"

"ஒரு கௌரவத்துக்குத்தான். பக்கத்து வூட்டு ஜெயப்பிரகாஷ் ஒரு ரெக்சின் சோபாவ வச்சிகினு என்னா ஆட்டம் ஆடறான்!"

"அவரு எங்க ஆடறாரு? வேர்வைல முதுகு ஒட்டிக்கினு எழுந்திரிக்கவே முடியல. போன வாரம் ரெண்டு பேரு சேந்து உரிச்சி எடுத்தாங்க."

"அதான் சொல்றன். நாம ஒரிஜினலா பாத்து வாங்குவோம்."

"சரிங்க."

எதிர்ப்பே இல்லாமல் அவள் 'சரிங்க' என்றால் நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

மந்தாரக்குப்பத்தில் நௌஷாத் பாய் சோபா செய்கிறார். உள்ளங்கை அகலத்தில் நாலு துண்டுகளை எடுத்துப் போட்டார். நாலும் ஒரே பழுப்பு. ஒவ்வொன்றிலும் நூலில் ஒரு பெயர்ச்சீட்டு.

"அண்ணே, இது மேல்தோலு. பூச்சே கெடையாது, தொட்டாலே சொகம். இதுவும் நல்ல தோலுதான், ஆனா மேல தேச்சி பூச்சு குடுத்தது. இது தோல் தூள ஒட்டுனது, சீக்கிரம் உரியும். இது ரெக்சின். மாட்டுக்கும் இதுக்கும் சொந்தமே இல்ல."

"எது கரி தாங்கும்?"

"அதாவதுண்ணே..." என்று அவர் ஆரம்பித்தார். நான் கை காட்டி நிறுத்தினேன். பெல்ட் செக்‌ஷன்காரன் விற்கிறவர் வாயை நம்ப மாட்டான். எப்பேர்ப்பட்ட பெல்ட் வந்தாலும் கரியைக் கொட்டிப் பார்த்துத்தான் பாஸ் போடுவோம். துண்டுகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுக்கப் போனேன். அன்புக்கரசி மட்டும் அவரிடம் நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்புமுன் நாலு துண்டையும் துவைக்கிற கல்லில் பரப்பினேன். பேன்ட் பையை உதறினேன், அரைக் கைப்பிடி நிலக்கரி கிடைத்தது. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு. வேர்வைக்கு முந்தின நாள் பனியன். எல்லாவற்றையும் சேர்த்துத் தேய்த்தேன்.

"எட்டு மணி நேரம் ஊறணும். யாரும் தொடக் கூடாது."

"நான் எதுக்குங்க தொடப் போறன்?" என்றாள், கண்ணை அகல விரித்து.

மத்தியானம் வந்ததும் வராததுமாக ஈரத்துணியோடு உட்கார்ந்தேன். தூள் தோல் அப்போதே உரிந்தது. பூச்சுத் தோல் என்று சீட்டு போட்ட துண்டு கரியை அப்படியே குடித்துவிட்டு ஊர் வரைபடம் மாதிரி கிடந்தது. ரெக்சின் துடைத்தால் போனது, ஆனால் ஜெயப்பிரகாஷின் முதுகு ஞாபகம் வந்தது. மேல்தோல் என்று சீட்டு போட்டது மட்டும், ஒரே இழுப்பில் பளபள!

"அன்பு! மேல்தோலு பாஸ்!"

"அது ரொம்ப ஒசத்தியாச்சே. நமக்கு எதுக்குங்க? நல்லா யோசிச்சி..."

"டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு மேல பேச்சே கெடையாது!"

அன்றைக்கே போனில் ஆர்டர் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் சோபா வந்தது. நான் மைன்ஸிலிருந்து நேராக, யூனிபார்மோடு, முன்வாசல் வழியாக வந்தேன். யாரும் தடுக்கவில்லை. பேனுக்கு நேர் கீழே அது காத்திருந்தது. எனக்குக் கண்ணே கலங்கியது. திரும்பி நின்று, முழங்காலை மடக்கி, மெதுவாக இறங்கினேன்.

"ஏங்க, ஒரு நிமிஷம்."

பாதியில் நின்றேன். அன்புக்கரசி ஒரு தோல் துண்டை நீட்டினாள். "சோபா தச்சதுல மிச்சம். இதுல கைய வைங்க."

வைத்தேன். ஐந்து விரலும் கறுப்பாக விழுந்தன. அவள் ஈரத்துணியால் துடைத்தாள். ஐந்தும் இன்னும் அகலமாகி உள்ளே இறங்கின.

"பூச்சு இல்லாத தோலு எதையும் குடிச்சிடுமாம். அன்னிக்கே பாய் சொல்ல வந்தாரு, நீங்கதான் காது குடுக்கல. இப்ப உக்காந்தீங்க, உங்க முதுகு ஆயுசுக்கும் அதுலயே உக்காந்துகினு இருக்கும்."

அந்தரத்தில் நின்றபடியே கேட்டேன். "டெஸ்ட்ல சுத்தமா போச்சே அன்பு?"

"சீட்டெல்லாம் நூல்லதான கட்டியிருந்துச்சி? நீங்க ஷிப்டுக்குப் போனப்ப மேல்தோலு சீட்டும் பூச்சுத்தோலு சீட்டும் மட்டும் எடம் மாறிப்போச்சி."

"தானாவா?"

"தொடச்சா போவுற சோபான்னா நீங்க குளிப்பீங்களா? அத தொடைக்கிறது யாரு?"

கோபம் வர வேண்டிய இடம். சிரிப்பு வந்து தொலைத்தது. அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சோபாவில் படாமல் ஜாக்கிரதையாக நிமிர்ந்தேன்.

"டீயாவது உண்டா?"

"பின்னால வச்சிருக்கன்."

போனேன். துவைக்கிற கல் மேல் ஆவி பறக்கும் டீ. ஜன்னல் விளிம்பில் பழைய டேபிள் பேன் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே என் ஸ்டூல். குட்டைக் காலுக்கு முட்டு கொடுத்து, மேலே பஞ்சு வைத்து, பளபளவென்று பழுப்புத் தோல் போர்த்தியிருந்தது. உட்கார்ந்தேன். மெத்தென்றுதான் இருந்தது.

அன்புக்கரசி ஒரு ஈரத்துணியை என் தோளில் போட்டாள். "குடிச்சிட்டு தொடச்சி வைங்க. நல்லா போவும், நீங்களே பாஸ் போட்ட தோலு."