வலது தண்டும் இரண்டு மாத்திரைகளும்

அன்புள்ள பெலிக்ஸ் சித்தப்பாவுக்கு,

நாகல் நகரிலிருந்து நான்சி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். இதை எழுதியதும் பக்கத்து அறையில் அப்பா தும்மினார். தொடர்ந்து ஒரு முனகல். ஆகவே அப்பாவைத் தவிர எல்லாரும் நலம். எங்கள் வீட்டு எண்களிலிருந்து அழைத்தால் நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

அந்தோனியார் திருவிழா முதல் நாள் சப்பரம் தூக்க அப்பா வழக்கம்போல் வலது முன்தண்டில், இடது முன்தண்டுக்கு நீங்கள் வரவில்லை, வலது பக்கம் யாருக்கு என்று போன வருடம் நீங்கள் இருவரும் போட்ட சண்டை இன்னும் முடியவில்லை, ஆகவே உங்கள் இடத்தில் எங்கள் தெரு பிராங்க்ளின் அண்ணனை நிறுத்தினார்கள், நல்லவர், ஆனால் அப்பாவின் தோள் உயரம்தான் இருப்பார், தண்டைக் கையால் எட்டிப் பிடித்தபடி பக்தியோடு நடந்தார், பாரம் முழுவதும் அப்பா மேல், கோயில் வாசலில் ஒரு சத்தம். வெடி என்று நினைத்தோம். அப்பாவின் இடுப்பு.

டாக்டர் இரண்டு மாத்திரைகள் எழுதி, சேர்த்துப் போடச் சொன்னார். அப்பா ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் போட்டார். வலி அப்படியே. ஏன் இப்படி என்றேன்.

"ரெண்டையும் ஒரே வயித்துக்குள்ள விட்டா அடிச்சுக்கும் தாயி. நானும் உங்க சித்தப்பனும் ஒரே வீட்ல கெடந்து என்னாச்சு?"

நான் படிப்பதே வலியைப் பற்றித்தான். விளக்கினேன். முதுகுத்தண்டில், வலியை மூளைக்கு அனுப்பும் நரம்பு செல்கள். அவற்றின் மேல் ஏற்பிகள், அதாவது மருந்து வந்து பொருந்தும் இடங்கள். இரண்டு வகை, பக்கத்தில் பக்கத்தில். ஒன்றை மட்டும் தொட்டால் வலி கொஞ்சம் தணியும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால், இரண்டு கொஞ்சங்களையும் கூட்டினால் வருவதைவிட அதிகம் தணியும். ஏன் என்று இன்னும் முழுதாகத் தெரியவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவா, செல்லுக்குள் சேதி அனுப்பிக்கொள்கின்றனவா. அந்தத் தெரியாமை எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்பா மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டார்.

"பக்கத்துல பக்கத்துல இருக்கு. பேசிக்குமா?"

"அதத்தாம்ப்பா தேடுறாங்க."

"பேசாமயே சேந்து தூக்குமோ."

அடுப்படியிலிருந்து அம்மா: "தூக்கும். வாயத் தொறந்தாத்தான் வம்பு."

இனித் தூக்கவே கூடாது என்கிறார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை பெரிய சப்பரம். தூக்குவேன் என்கிறார் அப்பா. "அந்தத் தண்ட வேற எவன் தோள்லயும் பாக்க எனக்கு ஏலாது." யார் தோளில் என்றால் ஏலும் என்று அம்மா கேட்டாள். அப்பா உங்கள் ஊர் எரியோடு இருக்கும் திசையில் திரும்பிப் படுத்தார். வலியாலும் இருக்கலாம்.

வாருங்கள், சித்தப்பா.

லிடியா சித்திக்கு என் அன்பு. அந்தோனியார் உங்கள் தோளுக்குப் பலம் தரட்டும்.

இப்படிக்கு,
நான்சி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அப்பா படித்துவிட்டார். "தபால்ல போட்டா ஞாயித்துக்கெழமைக்குள்ள சேராது. கொண்டா, நானே குடுத்துட்டு வாரேன்" என்று எரியோடு பஸ்ஸுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே இதை உங்களிடம் நீட்டுபவர் அவர்தான். மாத்திரை இரண்டையும் ஒன்றாகப் போட்டிருக்கிறார். வலது தண்டை உங்களுக்குத் தருவதாகத் தான் சொல்லவே இல்லை என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.