பல்பு அடைகாத்த பன்னிரண்டு முட்டைகள்

விலங்கியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள் நான். கோழி முட்டையைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. இதை வெளியே ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று (வீட்டில் எல்லோருக்கும் அன்றைக்கே தெரிந்துபோச்சு, அது வேறு கதை).

எண்பதுகளின் தொடக்கம். சுங்குவார்சத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தற்காலிக டீச்சர். கல்வி அதிகாரி வந்து என் வகுப்பைப் பார்ப்பார், அவருக்குப் பிடித்தால்தான் வேலை நிரந்தரம் என்றார்கள். சும்மா பாடம் நடத்தினால் நம் படிப்புக்கு என்ன மரியாதை? கருவில் மூளை உருவாவதைக் கண்ணெதிரே காட்டிவிடுவது என்று முடிவு கட்டினேன். இரண்டு நாள் அடைகாத்த முட்டையை உடைத்தால், மூளையின் தொடக்கம் சின்னக் குழாயாகத் தெரியும்.

பள்ளி ஆயா கன்னியம்மா, "எங்க வூட்டுக் கோழி அடையில குந்திகினு கீது, அந்த முட்டைய எடுத்துக்க டீச்சர்" என்றார். அழுக்கு முட்டை, ஒவ்வொன்றும் ஒரு சைஸ். விஞ்ஞானத்துக்கு ஆகுமா? பண்ணையிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு டஜன் வாங்கி, பெட்டிக்குள் பல்பு எரியவிட்டு, மணிக்கொரு தரம் திருப்பிவிட்டேன். வீட்டுக்காரரும் லீவு போட்டுத் திருப்பினார், பாவம்.

அதிகாரி முன்னால் முதல் முட்டையை உடைத்தேன். வெறும் மஞ்சள் கரு. இரண்டாவதும் அதேதான். ஏழாவது வரை உடைத்துப் பார்த்தேன். கதவோரம் நின்ற கன்னியம்மா மெதுவாகச் சொன்னார்: "பண்ணையில சேவலே கெடையாதே டீச்சர். குஞ்சு எங்கேர்ந்து வரும்?"

வகுப்பே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "முட்டை இல்லாம சொல்லுங்க" என்றார்.

மானம்தான் போயாச்சே, இனி என்ன? பிள்ளைகளை எழுப்பினேன். "நீங்கதான் நரம்பணுக்கள். எல்லாரும் பிறக்கிறது ஒரே இடம், இந்தக் கரும்பலகை ஓரம். முதல் ஷிப்ட் பக்கத்திலேயே நிக்கணும். அடுத்த ஷிப்ட் அவங்களைத் தாண்டிப் போய் நிக்கணும். பிறந்த நேரமும், போய்ச் சேர்ந்த இடத்துச் சகவாசமும்தான் யார் எந்த மாதிரி அணு ஆகணும்னு முடிவு பண்ணும்." மூன்றாவது ஷிப்ட் தாண்டிய வேகத்தில் அதிகாரி நாற்காலியோடு சாய்ந்தார்.

வேலை போச்சு என்று அழுதே விட்டேன். அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "மூளை நல்லாப் புரிஞ்சுது. முட்டையை மட்டும் இந்தம்மாகிட்ட படிச்சுக்குங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வேலை நிரந்தரமாயிற்று. கேலியும்தான். இன்றைக்கும் நான் மாடி கட்டலாம், டூர் போகலாம் என்று பெரிதாகத் திட்டம் போட்டால், வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்: "சேவலுக்கு ஏற்பாடு பண்ணிட்டியா?"